மலை ரெண்டு, நடுவில் சூரியன்: தொடக்கப்பள்ளி ஓவிய, கைவினை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "பிடிச்சதை வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வகுப்பு ஒரே படத்தை நீட்டும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் எழும் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு, ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை. கோவையை அடுத்த பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை கூட இதையேதான் வரைகிறது. அது தினமும் பார்க்கும் மலை மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் மறைவதைத்தான் பார்க்க முடியும். பல்லடம், உடுமலைப் பக்கம் தெருமுனையில் நின்றாலே காற்றாலை தெரியும். காங்கயம் பக்கம் கிளுவை வேலி, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், வெள்வேல மரத்தடியில் அசைபோடும் மாடு. இவை எதுவும் தாளுக்கு வருவதில்லை. யாரோ ஒருவர் கரும்பலகையில் வரைந்து "இதைப் பார்த்து வரைங்க" என்று சொன்ன படம் பிள்ளைகள் கையில் அப்படியே தங்கிவிட்டது.

ஓவிய வகுப்பின் முதல் தவறு இந்தக் கரும்பலகைப் படம். பார்த்து வரைந்தால் கோடு நேராக வரும், பெற்றோர் பாராட்டுவார்கள், சுவரும் அழகாக இருக்கும். ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. பலகையைத் துடைத்துவிட்டு, வரையுமுன் ஐந்து நிமிடம் கேள்வி கேளுங்கள். மாடு வரைவதென்றால், திமில் கழுத்தை ஒட்டி இருக்கிறதா, நடு முதுகிலா? கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது? மூக்கணாங்கயிறு எங்கே நுழைந்து எங்கே போகிறது? படுத்திருக்கும் மாட்டின் முன்கால் எப்படி மடங்கியிருக்கும்? பதில் சொல்லும்போதே பிள்ளை மனதுக்குள் மாட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். பதில் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. சாயந்திரம் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வரையட்டும்.

தவறென்று நாம் நினைப்பவை

இரண்டாம் வகுப்புப் பிள்ளை தாளின் மேல் விளிம்பில் நீலப் பட்டை ஒன்று தீட்டும், அது வானம். கீழே பச்சைப் பட்டை, அது தரை. நடுவே வெறும் வெள்ளை. வீட்டை வரைந்து, உள்ளே அடுப்பும் அம்மாவும் தெரியும்படி போடும். வீட்டைவிட அம்மா பெரிதாக இருப்பார். ஆசிரியர் வந்து, "சுவர் வழியா உள்ளே தெரியுமா? மனுசர் வீட்டைவிடப் பெருசா இருப்பாங்களா?" என்று திருத்துகிறார். இந்த வயதில் பிள்ளை கண்ணால் பார்த்ததை மட்டும் வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. முக்கியமானது பெரிதாகும், உள்ளே இருப்பது வெளியே தெரியும். கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதினார்: ஏறத்தாழ 4 முதல் 7 வயது வரை ஒன்று, 7 முதல் 9 வரை அடுத்தது, 9க்கு மேல் இன்னொன்று. வயது சற்று முன்பின் ஆகலாம், வரிசை பெரும்பாலும் மாறாது. வானப்பட்டை தானாகவே கீழே இறங்கித் தரையைத் தொடும். அவசரப்படுத்தினால் பிள்ளை வரைவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் கதை வேறு. "எனக்கு வராதுங் டீச்சர்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். தன் படம் நிஜத்தைப் போல இல்லை என்று பிள்ளைக்கே தெரிய ஆரம்பிக்கும் வயது அது. இங்கே "உனக்குத் தோணுனதை வரை" என்று விட்டுவிடுவது தவறு. இப்போதுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பூவரச இலை ஒன்றைக் கையில் கொடுத்து, முதலில் நடு நரம்பு, பிறகு கிளை நரம்பு, கடைசியில் ஓரம் என்று பார்த்து வரையச் செய்யுங்கள். இரண்டு கொய்யாப்பழத்தை ஒன்றின் பின்னால் ஒன்று வைத்து, பின்னால் இருப்பதில் எவ்வளவு மறைகிறது என்று காட்டுங்கள். இந்த இரண்டு பயிற்சிக்கே நாலு வகுப்பு வேண்டும்.

எந்த வயதானாலும் பிள்ளையின் தாளில் ஆசிரியரின் பென்சில் படக்கூடாது. ஒரு கோடு திருத்திக் கொடுத்தால் மீதியையும் நீங்களே போடும் வரை அது காத்திருக்கும். காட்டத்தான் வேண்டுமென்றால் வேறு தாளில் வரைந்து காட்டி, அதைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். சிவப்பு மையில் மதிப்பெண்ணும் கையெழுத்தும் படத்தின் மேல் வேண்டாம், பின்பக்கம் இடம் இருக்கிறது. "இது என்ன?" என்று கேட்டால், புரியும்படி வரையவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லு கண்ணு" என்றால் பத்து நிமிடம் பேசும்.

தாள், வண்ணம், பசை

வண்ணம் தீட்டும் வகுப்பு கெடுவதற்குப் பாதிக் காரணம் தாள். நகலெடுக்கும் ஏ4 தாள் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) இருக்கும். தண்ணீர் பட்டதும் அலையலையாகச் சுருங்கி, இரண்டாம் முறை தூரிகை போனால் பிய்ந்துவிடும். பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். நீர்வண்ணத்துக்குக் குறைந்தது 120 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். மாதக் காலண்டரின் பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் நீர்வண்ணம் ஒட்டாமல் வழியும். அதைக் கிரேயானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு வண்ணப் பெட்டி கொடுப்பது தாராளம் போலத் தெரியும், ஆனால் பிள்ளைக்குக் கலக்கத் தெரியாமல் போய்விடும். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை போதும். பச்சை வேண்டுமென்றால் முதலில் மஞ்சளை வைத்து, அதில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் நிறம் லேசில் மாறாது, புட்டிதான் காலியாகும். தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி நல்லது, ஆனால் உருளும். பழந்துணியைச் சும்மாடு போலச் சுற்றி அதன்மேல் வையுங்கள்.

மஞ்சள் விளையும் ஊரில் கடை வண்ணத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு வரைந்தால் கோடு செம்பழுப்பாக எழும். எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தி கரைப்பது போலச் சுண்ணாம்பைச் சேர்த்தால் இன்னும் சிவக்கும் என்று சிலர் அதைப் பிள்ளைகளிடமே கொடுக்கிறார்கள். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். சோடாவே போதும்.

பசைக்கு ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு டம்ளர் கொதிநீரில் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். ஆறினால் இறுகும் என்பதால், கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே இறக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் விரல் வைக்கும் பசையில் அதற்கு இடமில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சினால் எதுவும் போட வேண்டியதில்லை.

மண் வேலை

கைவினையில் அதிகம் ஏமாற்றம் தருவது மண். முந்தின நாள் அழகாக நின்ற யானை மறுநாள் துதிக்கை உதிர்ந்து, வயிறு பிளந்து கிடக்கும். பிள்ளையிடம் குறையில்லை, மண்ணிலும் காயவைத்த விதத்திலும்தான் குறை.

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பல ஊர்களில் பக்கத்துக் காட்டில் கிடைப்பது கரிசல். பிசைந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், அதை நம்பி எடுத்துவிடக் கூடாது. ஈரத்தில் உப்பி, காயும்போது வெகுவாகச் சுருங்கும் மண் அது. கோடையில் கரிசல் காடு வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டாம். மண்பாண்டம் செய்பவரிடம் பதப்படுத்திய மண்ணை விலைக்கு வாங்குவதே நல்லது. முடியாவிட்டால் குளத்து வண்டலை எடுத்துக் காயவைத்து, உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, கொசுவலையில் வடிகட்டி, சாக்கின் மேல் பரப்பி நீர் வற்றவிடுங்கள். நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து மிதித்துப் பிசைய வேண்டும். மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் வகுப்புக்கு ஆகும். பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விழுந்தால் ஈரம் போதவில்லை அல்லது மணல் அதிகம். விரலில் அப்பிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும்.

ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ, 30 பேருக்கு ஏழரை கிலோ. ஒரு கிலோ கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

கால், காது, துதிக்கை எதுவானாலும் சும்மா ஒட்டவைத்தால் காய்ந்ததும் விழும். ஒட்டும் இரண்டு இடத்திலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துத் தடவி, அழுத்தி, இணைப்பை விரலால் வழித்துவிட வேண்டும். பிள்ளைகள் இதைத் தாங்களே செய்யும்படி கீறலை மட்டும் பெரிதாக ஒருமுறை காட்டுங்கள். உடம்பு ஒரு செ.மீக்கு மேல் தடிமனாக இருந்தால் அடியிலிருந்து பென்சிலால் குடைந்துவிடுங்கள். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் சுருங்காமல் நிற்கும். அந்த இழுபறியில்தான் வயிறு பிளக்கிறது. வெயிலில் வைத்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். முதல் நாள் ஈரத்துணி மூடி, பிறகு நிழலில் ஐந்து முதல் ஏழு நாள். வண்ணம் அதற்கப்புறம்தான். கை கழுவுவதைக் குழாயடியில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு வாளியில் கழுவிவிட்டுக் குழாய்க்கு அனுப்பினால் சாக்கடை அடைக்காது.

துணியும் நூலும்

திருப்பூரைச் சுற்றிய பள்ளிகளுக்கு பனியன் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வந்ததும் பிள்ளைகள் நடுவே கொட்டிவிடுவது பெரிய தவறு. தையல் இடத்துக் கழிவில் உடைந்த ஊசிமுனை கிடக்கும். காந்தத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்து, உதறி, அலசிக் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பனியன் துணி தாள் கத்தரிக்கோலுக்கு வெட்டுப்படாது, அலகுகளுக்கு நடுவே மடிந்து கொள்ளும். தையல் கத்தரியால் நீங்களே 2 செ.மீ பட்டைகளாக வெட்டிவிடுங்கள். இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறு போலாகும், நெசவுக்கு அதுவே ஊடை, அதாவது குறுக்கிழை.

15 செ.மீ அகலம், 20 செ.மீ நீளமுள்ள அட்டையே தறி. மேல், கீழ் ஓரங்களில் இருபுறமும் ஒன்றரை செ.மீ விட்டு, ஒரு செ.மீக்கு ஒன்றாக 13 வெட்டு. பாவுக்கு, அதாவது நெடுக்கிழைக்கு, சணலோ, நாலிழை முறுக்கிய பருத்தி நூலோ வேண்டும். பாவை இறுக்கிக் கட்டினால் அட்டை வில்லாக வளையும். எல்லாருக்கும் நேரும் கோளாறு அடுத்தது: பிள்ளை ஊடையை வெடுக்கென்று இழுக்க, துணி நடுவில் உடுக்கை போல இடுப்பு விழுந்துவிடும். ஊடையை வளைவாகப் படுக்கவிட்டு, பிறகு சீப்பால் அடித்து இறக்கச் சொல்லுங்கள். அட்டையில் இரு ஓரத்திலும் பென்சில் கோடு போட்டுவைத்தால், உள்ளே போகிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். முந்தின வரி கடைசி இழைக்கு மேலே முடிந்தால், அடுத்தது அதே இழைக்குக் கீழே தொடங்க வேண்டும். இதைத் தவறவிட்டால் இரண்டு வரியும் ஒன்றாகிவிடும். பவானி ஜமக்காளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பாவு எது, ஊடை எது என்று விரலால் தடவிப் பார்க்கச் செய்தால் பாதி விளக்கம் மிச்சம்.

முதல் இரண்டு வகுப்புக்கு இந்தத் தறி வேண்டாம், தாள் நெசவே போதும். அதிலும் ஓரத்தில் 2 செ.மீ கோடு போட்டு, வெட்டுவதை அங்கே நிறுத்தச் சொல்லாவிட்டால் தாள் துண்டு துண்டாகிவிடும்.

கத்தரிக்கோல் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே, திருப்ப வேண்டியது தாளை. இடதுகைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரியில் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். கோணலாக வெட்டுகிறது என்று திட்டாமல் இடதுகைக் கத்தரி ஒன்று வாங்கி வையுங்கள்.

விதைகளை ஒட்டிப் படம் செய்யும் வேலையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குன்றிமணி, ஆமணக்கு, அரளி விதை மூன்றும் வகுப்பறைக்குள் வரவே கூடாது. வேலியோரம் சிவப்பும் கருப்புமாக மின்னும் குன்றிமணியைப் பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கி வருவார்கள். அது கொடிய நஞ்சு. மென்றாலோ, ஊசி குத்திக் கோத்தாலோ உள்ளிருக்கும் பருப்பு வெளிப்படும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பயறு, புளியங்கொட்டைகூட வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். இலைகளே போதும்.

நேரம், சுவர்

40 நிமிட வகுப்பில் 15 நிமிடம் விளக்கத்துக்கே போனால் கை வேலைக்கு நேரமிருக்காது. காட்ட 5, செய்ய 25, எடுத்துவைக்க 10. பிள்ளைகளுக்கு எதிரே நின்று தாளை மடித்துக் காட்டினால் இடம் வலம் மாறித் தெரியும். அவர்கள் பார்க்கும் திசையிலேயே திரும்பி நின்று, இருபுறமும் வேறு நிறமுள்ள பெரிய தாளில் காட்டுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தெர்மக்கோல் மாதிரிகளை இரவில் செய்வது பெற்றோர்தான். செலவும் தினக்கூலிக் குடும்பத்துக்குத்தான்.

எல்லாப் பிள்ளையின் படமும் சுவருக்குப் போகட்டும், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அவர்கள் கண்ணுக்கு நேராக. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். மஞ்சள் பூசிய படங்களை மட்டும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். வெயில் பட்டால் சில நாளில் வெளிறிவிடும், வரைந்த பிள்ளை வந்து பார்க்கும்போது தாள்தான் மிச்சமிருக்கும்.