தூத்துக்குடி மக்ரூன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பேக்கரி. மூன்று தலைமுறையாக ரொட்டி, பன், ரஸ்க், அப்புறம் மக்ரூன்: வெள்ளைக்கரு நுரையில் சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து, தட்டில் சின்னக் கூம்பாக வைத்துச் செய்கிற பண்டம். "அண்ணாச்சி, வீட்ல செஞ்சு பாத்தேன், வரவே இல்ல" என்று கல்லாவில் நின்று புலம்புகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கேட்டுக் கேட்டு ஒன்று புரிந்தது. பாதிப் பேர் இதைக் கேக் மாதிரி நினைத்து வேகவைக்கப் பார்க்கிறார்கள். மக்ரூன் வேகிற பண்டம் இல்லை, வடகம் மாதிரிக் காய்கிற பண்டம். வெயில் செய்கிற வேலையை இங்கே அடுப்புச் சூடு செய்கிறது.

அதனால் முதல் தவறு சூட்டில்தான். 180 டிகிரியில் வைத்து இருபது நிமிடத்தில் எடுத்தால் மேலே பழுப்பேறியிருக்கும், உள்ளே பிசின் மாதிரி ஒட்டும். தாத்தா காலத்தில் மக்ரூனுக்கென்று யாரும் தனியாக விறகு வைத்ததில்லை. சாயங்காலம் ரொட்டியும் பன்னும் வெந்து இறங்கியதும் தணலை வாரி வெளியே தள்ளிவிடுவார்கள். செங்கல் மட்டும் சூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். தாத்தா அடுப்புக்குள் முழங்கைவரை கையை விட்டு, மனசுக்குள் எண்ணுவார். பத்துக்குள் கையை இழுத்துக்கொண்டால் அது ரொட்டிச் சூடு. முப்பதுவரை பேசாமல் நின்றார் என்றால், "தட்டக் கொண்டா" என்று அர்த்தம். உள்ளே போன தட்டு மறுநாள் காலையில்தான் வெளியே வரும்.

வீட்டு அவனில் 100 டிகிரி, மிஞ்சினால் 110. ஒன்றரை மணி நேரம் கழித்து அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பதம் பார்க்கிறேன் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறப்பது, சோறு வடிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற பழக்கம். இங்கே அதை மறந்துவிட வேண்டும். சரியாகக் காய்ந்த மக்ரூன் தட்டில் விரித்த காகிதத்திலிருந்து தானாக விட்டு வரும். பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்தது வெள்ளைக்கரு. ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையை எழும்பவிடாது. எல்லா முட்டையையும் ஒரே பாத்திரத்தின் மேல் உடைப்பதுதான் இங்கே பெரிய முட்டாள்தனம்; கடைசி முட்டை சொதப்பினால் முன்னால் உடைத்ததும் போச்சு. முதலில் சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து, பிறகு பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். குளிர்ந்த முட்டை பிரிக்க எளிது, ஆனால் குளிர் போனபிறகு அடித்தால்தான் நுரை நன்றாக எழும். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம், எத்தனை தடவை தேய்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

சீனியை மொத்தமாகக் கொட்டாதீர்கள். நுரை வெளுத்து வந்தபின் கரண்டி கரண்டியாகப் போட்டு அடிக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. அதற்கு மேலும் அடித்துக்கொண்டே போனால் நுரை பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். "இனிப்பு ஜாஸ்தி, பாதி சீனி போட்டேன்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நுரையைப் பிடித்து நிறுத்துவதே சீனிதான். நான்கு முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 120 கிராம் வரும். அதற்கு 240 கிராம் சீனி, 200 கிராம் முந்திரி. இது எங்கள் கடைக் கணக்கு.

முந்திரியில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். பொடிக்கப்போகிற பருப்புக்கு முழு முந்திரி எதற்கு? உடைந்த பருப்பே போதும், விலையும் குறைவு. ஆனால் மிக்சியை ஒரே ஓட்டாக ஓட்டினால் பருப்பு சூடேறி எண்ணெய் விடும். அந்த எண்ணெய் பட்டால் நுரை அமுங்கிவிடும். விட்டு விட்டு ஓட்டி, ரவைபோலக் கொரகொரப்பாக எடுங்கள். கலக்கும்போது கரண்டியைச் சுற்றாமல், அடியிலிருந்து மேலே புரட்டிப் போடுங்கள். சுற்றினால் கூம்பு நிற்காது, தட்டில் அப்பளம் மாதிரிப் படரும்.

ஐரோப்பாவில் பாதாமில் செய்தது இங்கே முந்திரிக்கு மாறியது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை என்கிற எங்கள் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக வந்த பண்டம் இது என்பது ஊர்ப் பேச்சு. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். கலர் கலராக, நடுவில் கிரீம் வைத்து வருகிறதே, அந்தப் பிரெஞ்சு மக்கரோன் வேறு. அதை நினைத்துக்கொண்டு வந்து "இதுல கிரீம் இல்லையா?" என்று கேட்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கெடுக்கிற ஒன்று இருக்கிறது: காற்றின் ஈரம். தீபாவளி முதல் கிறிஸ்துமஸ்வரை மக்ரூனுக்குத் தேவை அதிகம், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். போன வருடம் அவசரத்தில் இளஞ்சூட்டோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. "நமத்துப் போச்சு அண்ணாச்சி" என்று அந்த அக்கா ஒன்றை எடுத்து அழுத்திக் காட்டினார். நொறுங்க வேண்டியது ரப்பர்போல அமுங்கியது. தப்பு என்னுடையதுதான், உள்ளே இருந்த சூட்டில் ஈரம் ஆவியாகிப் பொட்டலத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. நன்றாக ஆறியபின் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தால் மேலே வியர்த்துவிடும், வேண்டாம். நமத்ததை வீசவும் வேண்டாம், 100 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

மிஞ்சுகிற மஞ்சள்கருவை என்ன செய்வது என்று கேட்பார்கள். கொஞ்சம் கேக்குக்குப் போகும், கொஞ்சம் பக்கத்துப் புரோட்டாக் கடைக்குப் போகும். மீதி வீட்டுக்கு. சின்ன வயதில் நாங்கள் தின்ற ஆம்லெட் எல்லாம் பொன் மஞ்சள். எல்லார் வீட்டிலும் ஆம்லெட் அப்படித்தான் இருக்கும் என்று ஹாஸ்டலுக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.