பழங்காலப் பாணியில் ஒரு கணப்பு: வரைந்து, செப்பில் அரித்து, அச்செடுப்பது எப்படி

எகிப்து, கிரேக்கம், ரோம் பாணியில் கணப்பு (அறையில் குளிர்காயும் தீயடுப்பு) ஒன்றை வரைந்து எட்சிங்காக, அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை ரசாயனத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படமாக, எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, பழைய கோயில் முகப்பு ஒன்றைச் சுருக்கி வரைந்து நடுவில் ஓட்டை போடுவது. அது வேண்டாம். புகைபோக்கியோடு சுவருக்குள் புதைந்து, முன்னால் பளிங்குச் சட்டம் போட்ட கணப்பெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது. ரோமானியர்கள் கரி எரியும் கனல் தட்டுகளை அறைக்குள் வைத்தார்கள், வசதி இருந்தவர்கள் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டார்கள். ஆக, காப்பியடிக்க 'அசல்' என்று ஒன்றும் இல்லை. பழைய உருக்களை எடுத்து, அவை அதுவரை செய்திராத வேலைக்கு உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் துணிந்து செய்து காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய எட்சிங் கலைஞர் ஜோவான்னி பட்டிஸ்டா பிரனேசி. 1769இல் ரோமில் கணப்பு அலங்காரங்களுக்கென்றே ஒரு எட்சிங் தொகுப்பு வெளியிட்டார். இத்தாலியம், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் முன்னுரை, அதில் எகிப்தியக் கலைக்கும், ரோமுக்கு முந்தைய இத்தாலியின் எத்ருஸ்கன் கலைக்கும் வரிந்து கட்டிக்கொண்டு வக்காலத்து. அங்கே அவர் சொல்கிற ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: அலங்காரம் நிறைய இருப்பது தப்பில்லை, எது பெரியது எது சின்னது என்ற ஒழுங்கில்லாமல் அடுக்குவதுதான் கண்ணை உறுத்துகிறது. அந்த வடிவங்களில் மிகச் சிலவே கல்லில் செதுக்கப்பட்டன. ஜான் ஹோப் என்ற வங்கியாளருக்காகச் செய்த ஒன்று ஆம்ஸ்டர்டாமில் ரெய்க்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்சிங்குகளை அருங்காட்சியகத் தளங்களில் பெரிதாக்கிப் பார்க்கலாம், வரையத் தொடங்கும் முன் கட்டாயம் பாருங்கள்.

சரி, வரைவுக்கு வருவோம். இரண்டு பக்கத் தூண், குறுக்கே ஒரு உத்தரம், அதன்மேல் தட்டு, நடுவில் தீ எரியும் வாய். எலும்புக்கூடு இவ்வளவுதான். முதலில் அந்த வாயைக் கறுப்பாக நிரப்புங்கள். படத்திலேயே ஆழமான இருட்டு அதுதான், மற்ற எல்லாமே அந்த இருட்டுக்குப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் போட முடியும். வெள்ளைக் காகிதத்தில் அழகாக இருக்கும் மெல்லிய இலைக்கொடி, பக்கத்தில் கறுப்பு வந்ததும் காணாமல் போய்விடும். அப்புறம் ஒரே ஒரு உருவை நாயகனாக்குங்கள். உத்தரத்தின் நடுவில் சிறகு விரித்த வண்டு என்று வைத்தால், தூண்களில் நிற்கும் உருவங்கள் அதற்கு அடுத்த படி, ஓரத்துப் பட்டைகளில் வரும் தாமரை மொட்டுகள் அதற்கும் கீழே. மூன்று படிகள் இருந்தால், நூறு உருக்கள் இருந்தாலும் கண் தடுமாறாது.

பாணிகளைக் கலக்கலாம், பிரனேசியே கலந்தார். ஆனால் கோட்டின் குணம் மாறுவதைக் கவனியுங்கள். எகிப்திய உருவுக்கு உறுதியான வெளிக்கோடு, நேர்நேரான நிழல்கோடு, ஆழமில்லாத நிழல். ரோமானியப் பூமாலை, காளை மண்டையோடு, அகாந்தஸ் இலை என்று போனால் கோடு வளைவைத் தொடர்ந்து ஓட வேண்டும், நிழலும் கனமாக விழ வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிக் கோட்டில் போட்டால் எல்லாமே பிளாஸ்டரில் வார்த்தது போலத் தெரியும். இன்னொன்று, ஹைரோகிளிஃப் என்ற பழைய எகிப்தியப் பட எழுத்துகள். பிரனேசி காலத்தில் யாராலும் அவற்றைப் படிக்க முடியாது, பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் புதிரை அவிழ்த்தது 1822இல்தான். அதனால் அவர் வெறும் வடிவமாக அள்ளித் தெளித்தார். இன்று படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொருள் தெரியாத எழுத்தைப் போடுவதைவிட ஒரு பறவையையோ காளையையோ போட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இனி தகடு. செப்புத் தகட்டின் விளிம்புகளைச் சாய்வாக அரத்தால் ராவுங்கள், இல்லாவிட்டால் அழுத்தும்போது காகிதம் கிழியும். சுண்ணப்பொடி போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேயுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் முழுப்பரப்பிலும் படர்ந்து நின்றால் சுத்தம். தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகு, பிட்யூமன் (கறுப்புத் தார்ப்பொருள்), ரோசின் (பைன் மரப்பிசின்) கலந்த பூச்சை ரோலரால் மெல்லியதாகப் பரப்புங்கள். பின்பக்கத்தையும் வார்னிஷ் பூசி மூடிவிடுங்கள். பென்சில் வரைவைக் குப்புற வைத்து அழுத்தினால் படம் பூச்சில் ஏறும், இடம் வலம் மாறி. அச்சில் அது திரும்பவும் நேராகிவிடும். கணப்பு இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், நேராகவே தகட்டில் வரைந்து தொலைத்தாலும் வெளிச்சம் வரும் திசையையும் எழுத்தையும் தவிர வேறெதிலும் குட்டு வெளிப்படாது. புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கணப்பு நல்ல பயிற்சி என்று நான் சொல்வது இதற்காகவும்தான். பிறகு படத்தின் கோடுகள்மேல் ஊசியால் கீறுங்கள். ஊசி மெழுகுப் பூச்சைக் கிழித்துச் செம்பைக் காட்டினால் போதும், செம்பைத் தோண்ட வேண்டாம்.

ஊசி திறந்துவிட்ட செம்பை அரிக்க ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசல் நல்லது. நைட்ரிக் அமிலம் போல நச்சுப்புகை கிளப்பாது. ஆனால் துணியில் பட்டால் கறை போகாது, கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், உலோகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அரிக்கும்போது கோடுகளுக்குள் கசடு படியும், எனவே தகட்டைக் குப்புறவோ செங்குத்தாக நிறுத்தியோ வைக்க வேண்டும். நேரம் கரைசலின் செறிவையும் சூட்டையும் பொறுத்தது. துண்டுச் செம்பில் அதே பூச்சைப் பூசி சில கோடுகள் இழுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை வார்னிஷால் மூடிக்கொண்டே வந்தால் உங்கள் கரைசலுக்கான அளவுகோல் கையில் கிடைத்துவிடும்.

அழகு எல்லாம் படிப்படியாக அரிப்பதில் இருக்கிறது. முதல் முழுக்கில் பின்சுவரும் மெல்லிய கொடிகளும். எடுத்துக் கழுவி, காயவைத்து, அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி முழுக்கு. இப்போது தூண் உருவங்கள். அவற்றையும் மூடிவிட்டுக் கடைசி நீண்ட முழுக்கில் நாயகனின் நிழலும் கணப்பின் வாயும்.

அந்த வாய்தான் பலரை ஏமாற்றும். கறுப்பு வேண்டுமே என்று குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிக் கீறினால், இடையில் இருக்கும் மெழுகு பெயர்ந்து கோடுகள் ஒன்றாகி அகலமான பள்ளம் விழும். அகலப் பள்ளத்தின் நடுவில் மை நிற்காது, துடைக்கும்போது வந்துவிடும், கறுப்புக்குப் பதில் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். எனவே இடைவெளி விட்டு ஒரே திசையில் கோடுகள் போட்டு நன்றாக அரித்து, பூச்சைக் கழுவி, புதுப்பூச்சு பூசி, இரண்டாவது திசையில் கோடுகள் போட்டு மறுபடி அரியுங்கள்.

அச்சுக்கு: தகட்டைச் சற்றுச் சூடாக்கி மை தேய்த்து, விறைப்பான வலைத்துணியால் துடைத்து, ஈரப்படுத்திய தடித்த காகிதம் வைத்து, மேலே கம்பளி விரித்து அழுத்தப் பொறியில் ஓட்டுங்கள். கணப்பின் வாய்ப்பக்கம் துடைப்பதை லேசாக நிறுத்திக்கொள்ளுங்கள், மெல்லிய மைப்படலம் தங்கினால் இருட்டு கனக்கும். முதல் அச்சில் ஏதாவது ஒரு இலை நாயகனைவிட முந்திக்கொண்டு நின்றால், பர்னிஷர் என்ற வழவழப்பான தேய்ப்புக் கருவியால் அந்தக் கோடுகளைத் தேய்த்து அடக்கிவிட்டு இன்னொரு அச்சு எடுங்கள்.