கோடைக் காலையில் தோட்டத்துப் பறவைகள்: முதலில் காது, அப்புறம் கண்

சித்திரை, வைகாசியில் மதுரைப் பக்கம் ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும். ஐந்தரைக்கே நாற்காலியைப் போட்டுவிடுங்கள். வேப்பமரத்துக்குக் கிழக்கே, வெயில் உங்கள் முதுகில் விழும்படி உட்கார வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் மைனாவும் கரிச்சானும் ஒரே கறுப்பு.

முந்தின நாளே அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று வையுங்கள். நிழலில், பூனை பதுங்கும் புதரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம்: சுடும், கால் வழுக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும்.

முதல் பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாமல் கேளுங்கள். "கூ... ஊ" என்று ஏறிக்கொண்டே போனால் ஆண் குயில். "கிக் கிக் கிக்" என்று படபடத்தால் புள்ளி போட்ட பழுப்புநிறப் பெண் குயில். செம்பருத்திக்குள் இருந்து "ட்விட் ட்விட்" என்று ஊரையே எழுப்புவது சிட்டுக்குருவியை விடச் சிறிய தையல்சிட்டு.

எல்லோரும் தோற்கும் இடம் செம்மார்புக் குக்குறுவான். பட்டறையில் செம்பு தட்டுவதுபோல "டுக், டுக், டுக்" என்று சீராக வரும். மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாலும் பறவை கிடைக்காது. அது அலகை மூடிக்கொண்டு தொண்டையை உப்பவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தட்டுகிறது. அதனால் ஒலி இடம் மாறுவதுபோல் கேட்கும். உடம்போ இலைப்பச்சை. ஓரிடத்தில் நின்று ஒலி வரும் திசையைக் கையால் நீட்டிக் குறியுங்கள். இருபது அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி குறியுங்கள். இரண்டு கோடும் சேரும் இடத்தில், மர உச்சியின் இலையில்லாத பட்ட குச்சியை முதலில் பாருங்கள். காலையில் அங்கேதான் வெயில் காயும். நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டையில் மஞ்சள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x50 கனம், கை ஆடும்.

பிற்சேர்க்கை: குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி தப்பான பெயர் காட்டினால், ஜன்னலோரத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். கோயில் ஒலிபெருக்கி ஓடும் நாட்களில் செயலியை நம்ப வேண்டாம். அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போட்டுக் காட்டவே கூடாது. இது கூடு கட்டும் காலம். போட்டிக்கு வேறொரு பறவை வந்ததாக எண்ணி, முட்டையை விட்டுவிட்டு விரட்ட வந்துவிடும்.