இரண்டாம் தரக் கறுத்தக்கொழும்பானை ஜாமாக்கி விற்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் மே தொடங்கி யூலை வரை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றாகப் பழுத்துக் கொட்டும். நல்ல பழத்துக்கு அப்போதும் விலை இருக்கும். சிறுத்ததும், அடிபட்டதும், தோலில் கறை விழுந்ததும்தான் கேட்பாரற்றுக் கிடக்கும். ஜாமுக்கு எடுக்க வேண்டியது இவற்றைத்தான்; முதல் தரத்தைக் காய்ச்சினால் நட்டம். அழுகிய பழத்தையும் பழ ஈயின் புழு உள்ளதையும் வெட்டித் திருத்திக்கூடச் சேர்க்க வேண்டாம்.

பல தோட்டக்காரர் ஜாம், நெக்டர், ஊறுகாய், வற்றல் என்று ஒரே நேரத்தில் நாலைந்தைத் தொடங்கிவிட்டுத் திண்டாடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு போத்தல், வேறு லேபல், வேறு பக்குவம். முதல் வருடம் ஒன்றையே பிடியுங்கள். போன முறை தந்ததும் இந்த முறை தருவதும் ஒரே மாதிரி இருந்தால்தான் கடைக்காரர் மறுபடி வாங்குவார். அதற்குக் கைப்பக்குவம் மட்டும் போதாது, தராசும் வெப்பமானியும் வேண்டும்.

ஒரு சட்டிக்கு 5 கிலோ பழக்கூழுக்கு மேல் போட வேண்டாம். கூடினால் வற்ற நேரமெடுக்கும். நிறம் கறுத்து மணமும் போய்விடும். பழத்தைக் கழுவி, தோல் சீவி, கூழை அரித்து நார் நீக்குங்கள். 5 கிலோ கூழுக்குச் சீனி 4.5 கிலோ, ஜாமை இறுக வைக்கும் பெக்ரின் தூள் 40 கிராம், சித்திரிக் அமிலம் 30 கிராம். எவர்சில்வர்ச் சட்டியையே பாவியுங்கள். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும், இரும்பு நிறத்தைக் கெடுக்கும். சட்டியையும் அகப்பையையும் வெறுமையாக நிறுத்து, அந்த நிறையைச் சட்டியிலேயே எழுதி வையுங்கள்.

பெக்ரினைத் தனியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகி, பிறகு கரையவே கரையாது. 400 கிராம் சீனியுடன் உலர்வாகக் கலந்து, சூடேறிய கூழில் தூவிக் கிளறி, இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அதன்பின் மீதிச் சீனியைப் போட்டு நல்ல நெருப்பில் விடாமல் கிளற வேண்டும். 104 பாகை செல்சியஸ் வந்ததும் அமிலத்தைக் கொஞ்ச நீரில் கரைத்து ஊற்றுங்கள். முன்கூட்டியே ஊற்றினால் கொதியில் பெக்ரின் சிதைந்து ஜாம் இறுகாது. 105 பாகையில் இறக்கலாம். யாழ்ப்பாணம் கடல் மட்டத்திலேயே இருப்பதால் இந்தக் கணக்கு இங்கே பொருந்தும், மலையகத்தில் பொருந்தாது.

வெப்பமானியை மட்டும் நம்பாமல் நிறுத்தும் பாருங்கள். சட்டியின் நிறை போக ஜாம் 7.9 கிலோ அளவில் நிற்க வேண்டும். அப்போது அதிலுள்ள கரைபொருள் (பெரும்பாலும் சீனி) 68 வீதம் வரும். 8.4 கிலோ நின்றால் 64 வீதம்தான், அது பூஞ்சணத்துக்கு அழைப்பு. கூழின் இனிப்பு பழத்துக்குப் பழம் மாறுவதால், இயலுமானவர்கள் கரைபொருளை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. புளிப்பைப் பி.எச். தாளில் பார்த்தால் 3.2 முதல் 3.4 வரை இருக்க வேண்டும்.

ஜாமின் மேல் நீர் கசிந்தால் புளிப்புக் கூடிவிட்டது. சீனி பூத்தால் புளிப்புக் குறைவு, அல்லது அதிகம் வற்றிவிட்டது. மூடியின் கீழே பூஞ்சணம் கண்டால் வற்றல் போதாது, அல்லது ஜாம் ஆறியபின் அடைத்திருக்கிறது, அல்லது போத்தலில் ஈரம் இருந்திருக்கிறது.

போத்தல்களைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, கவிழ்த்து நீர் வடித்து, சூடாக இருக்கும்போதே 85 பாகைக்குக் குறையாத ஜாமை நிரப்புங்கள். மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் தலைகீழாக வைத்தால் மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும். குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடிக்கும். நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் காய்ந்த போத்தலில் வெள்ளைப் படை நிற்கும். லேபல் ஒட்டுமுன் சித்திரிக் அமிலம் கரைத்த நீரில் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள்.

மீதிக் கூழை 5 கிலோப் பைகளில் தட்டையாகப் பரப்பி, மைனஸ் 18 பாகையில் உறைய வைத்தால் பருவம் முடிந்த பிறகும் சட்டி ஏறும். ஒரு பை ஒரு சட்டி என்பதால் மறுபடி அளக்கும் வேலையும் இல்லை.

விலை போடும்போது பழத்துக்கும் சீனிக்கும் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். போத்தல், மூடி, லேபல், எரிவாயு, போக்குவரத்து, உடைந்த போத்தல், வீட்டாரின் உழைப்பு எல்லாம் சேர வேண்டும். வீட்டுப் பெண்களின் வேலைக்குக் கூலி போடாத கணக்கு, வெளியாளை வைக்கும் நாளில் உடைந்துவிடும். கடைக்கு விற்பனை விலையில் 20 வீதம் விடுவதென்றால், உங்கள் கைக்கு வர வேண்டிய 400 ரூபாயை 0.8ஆல் வகுங்கள்: 500 வரும். 400உடன் 20 வீதம் கூட்டி 480 போட்டால் போத்தலுக்கு 16 ரூபாய் கையை விட்டுப் போகும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். காய்ச்சும் இடத்தை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) முதலே காட்டுங்கள். வலையடித்த யன்னல், கழுவக்கூடிய தரை, மூடிய குப்பைத்தொட்டி என்று அவர் கேட்பதைத் தொடக்கத்திலேயே செய்தால் செலவு குறையும். லேபலில் பெயர், சேர்பொருட்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, உங்கள் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். பெயரையும் சேர்பொருட்களையும் மூன்று மொழியிலும் போடுங்கள். சீனி அளவுக்கான நிறக்குறி பற்றியும் அச்சடிக்கும் முன் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சட்டியிலும் இரண்டு போத்தலை விற்காமல் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். ஆறு மாதம் நின்றதைக் கண்ணால் காணாமல் லேபலில் ஒரு வருடம் என்று போட வேண்டாம்.

ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் ஊருக்குரிய பொருளைத் தேடுவார்கள். அதற்குள் முதல் தொகுதி தயாராக இருக்கட்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சுன்னாகம் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்தால், எந்தத் தொகுதி எத்தனை போத்தல் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே தொகுதியில் இரண்டு போத்தல் கெட்டுத் திரும்பினால், அந்தச் சீட்டைப் பார்த்துத் தொகுதி முழுவதையும் அன்றே எடுத்துவிடலாம்.