சத்துணவுக் கூடத்தில் ஒரு மணி நேரம்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு

ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் விடியும் முன்பே வீட்டை விட்டு இறங்கும் மாவட்டம் இது. பல வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கிடைக்கும் சோறு பள்ளிக்கூடத்துச் சோறுதான். அது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்ப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மாதக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், மாதம் ஒரு நாளாவது சமையல் நடக்கும் நேரத்தில் போங்கள்.

அதற்கு முன், உங்கள் பிள்ளையின் பெயர் சத்துணவுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 1 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும், சாப்பிட விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் மதிய உணவு உண்டு. வருமானச் சான்றிதழ் தேவையில்லை. திருச்சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் நிறைய. "இது கவர்மென்ட் பள்ளிக்கூடம் இல்லையே" என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடாதீர்கள். ஆதார் எண் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்குச் சோறு மறுக்கக் கூடாது. 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதலமைச்சரின் காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும்தான்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். விசாரணை செய்கிற தோரணை வேண்டாம். "அக்கா, இன்னைக்கு எத்தனை பேரு சாப்பிடுதாங்க?" என்று தொடங்குங்கள். பாதிக் கணக்கு அந்தப் பதிலில் இருக்கிறது. 1 முதல் 5 வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம். சிறியவர்கள் 60 பேரும் பெரியவர்கள் 40 பேரும் என்றால் 6 கிலோவும் 6 கிலோவும் சேர்த்து 12 கிலோ உலையில் விழ வேண்டும். முட்டை 100, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதில் வாழைப்பழம். காலை வருகைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு, உலையில் போட்ட அரிசி ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தகராறு வருவது இங்கேதான். தராசு இல்லாமல் படியால் அளக்கும் இடங்களில் தவறு திட்டமிட்டு நடப்பதில்லை. படி தேய்ந்தோ நசுங்கியோ இருக்கும். ஒரு படி அரிசியைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடையைச் சுவரில் எழுதி வைத்தால் தீரும்.

அரிசியில் சில மணிகள் நிறம் மாறித் தெரியும், கழுவும்போது சில மிதக்கவும் செய்யும். "பிளாஸ்டிக் அரிசி" என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்ப வேண்டாம். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டிய மணி; 100 கிலோவுக்கு 1 கிலோ கலப்பார்கள். பொறுக்கி எறிந்தால் சத்தும் போய்விடும். ஃபோலிக் அமிலமும் பி12உம் தண்ணீரில் கரைபவை. ஆகவே நாலைந்து முறை அலசுவதும், நிறையத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடிப்பதும் நட்டம். தண்ணீரை அளந்து வைப்பதே நல்லது.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சரக்கு அறையில் மூட்டைகள் பலகை மேல், சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். புதிய மூட்டையை முன்னால் போட்டு, பழையது பின்னால் தங்கிவிட்டால் வண்டு அங்கிருந்துதான் பரவும். மழைக்கு ஆட்சியர் தொடர்ந்து விடுமுறை விட்டால் முட்டை தேங்கும். வேகவைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: அடியில் படுத்துக் கிடந்தால் புதியது, மிதந்தால் எறிந்துவிட வேண்டும்.

எண்ணெயை முகர்ந்து பாருங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். வாழைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஊர்களில் காலி டப்பாக்கள் எங்கும் கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவை சமையல் கூடத்துக்குள் வரக் கூடாது. வாடை மாறியிருப்பதாகச் சமையலர் சொன்னால் அன்று அந்த எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுப்புப் பக்கம் ஓலை, சாக்கு, காகிதம் எதுவும் இருக்கக் கூடாது. 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொண்டுபோன தீ, சமையல் கூடத்தில்தான் தொடங்கியது. சிலிண்டர் நேராக நிற்கட்டும். குழாயில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

இறக்கி வைத்த சோற்றுக்கும் குழம்புக்கும் மூடி இருக்கிறதா? பல்லி விழுவது மூடாத பாத்திரத்தில்தான். பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறக் கூடாது, மொத்தத்தையும் கொட்ட வேண்டும். புளி சாதமும் எலுமிச்சை சாதமும் அலுமினியப் பாத்திரத்தில் நெடுநேரம் இருக்க வேண்டாம்.

பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஆசிரியர் ஒருவரும் பெரியவர் ஒருவரும் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது போதாது. பாத்திரத்தின் அடிவரை கரண்டி விட்டு எடுத்து ஒரு கைப்பிடியாவது உண்ண வேண்டும். பிறகு கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். முட்டை போதாமல் போனால் அங்கேதான் தெரியும். இரண்டாம் முறை கேட்கிற பிள்ளைக்குச் சோறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறை இருந்தால் முதலில் சத்துணவு அமைப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் பேசுங்கள். ஆள் பற்றாக்குறையால் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கும் கூடத்தில், சமையலரைத் திட்டிப் பயனில்லை. காலிப் பணியிடத்தைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். சரியாகாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு, அதற்கு மேல் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு). திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். தேதி, சாப்பிட்டோர் எண்ணிக்கை, அளந்த எடை மூன்றும் மனுவில் இருக்கட்டும். "சாப்பாடு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் நகராது.

பிள்ளைகளுக்கு வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே பரிமாறுவதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். மீந்த சோற்றைக் கொட்டிவிடாமல் ஒரு மூடிய பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அது வேண்டும்.