வெள்ளாட்டின் காம்பு கிழிந்தால் செய்ய வேண்டியவை

மேய்ச்சலுக்குப் போன ஆடு மடியில் இரத்தக் கறையோடு பட்டிக்குத் திரும்பினால், காயத்தின் நீளத்தைக் காட்டிலும் ஆழத்தையே முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சோப்பால் கைகழுவிவிட்டுக் காம்பு மடியோடு சேரும் இடத்தை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். நுனியில் மட்டும் பால் வந்தால் கிழிந்தது பெரும்பாலும் தோல்தான். காயத்தின் நடுவிலிருந்தே வெண்துளி ஒன்று இரத்தத்தோடு கலந்து இளஞ்சிவப்பாகக் கசிந்தால், உள்ளே பால் வரும் குழாய் வரை கிழிந்திருக்கிறது என்று பொருள்.

அப்படிப்பட்ட காயத்தை அன்றைக்கே தைத்துவிட வேண்டும். பால் ஓயாமல் கசிவதால் அது தானாக மூடுவதில்லை. நாள் கடந்தால் விளிம்புகள் வீங்கித் தையலைத் தாங்காமல் போகும், காம்பின் பக்கவாட்டில் துளை நிலைத்துவிடும், அதன் வழியே கிருமி ஏறி மடிநோயும் வரும். மருத்துவரிடம் போகும் வரை, ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பிட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரால் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, குட்டிகளைப் பிரித்து வையுங்கள். சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் தடவ வேண்டாம். அடைத்த காம்பைத் திறப்பதாக எண்ணி ஈர்க்குச்சியை நுழைப்பவர்கள் உண்டு. அது உட்சவ்வைக் கீறி, பிழைக்கக்கூடிய காம்பையும் கெடுத்துவிடும் என்பதால் அப்படிச் செய்யக்கூடாது என்று எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருத்துவர் காம்பின் அடியைச் சுற்றி மரப்பு ஊசி போடுவார். அந்த ஊசியில் உள்ள லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து வெள்ளாட்டுக்கு எளிதில் நஞ்சாகிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் 20 கிலோ ஆட்டுக்கு 2 சதவீத மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு மேல் ஏறக்கூடாது. உட்சவ்வு, தசை, தோல் என அடுக்கடுக்காகத் தைப்பதுதான் பால் கசியாமல் காக்கும். ஆட்டுக்கு இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வருமாதலால் அதற்கான ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தைத்த காம்பைச் சில நாள்களுக்குக் கையால் கறக்கவும் கூடாது, குட்டியை ஊட்டவிடவும் கூடாது. கொதிநீரில் சுத்தம் செய்த மெல்லிய பால்வடி குழாயை மருத்துவர் காட்டியபடி செருகிப் பாலை வடிக்க வேண்டும். மறு காம்பின் பாலைக் கறந்து குட்டிகளுக்குப் புட்டியில் கொடுக்கலாம். காலம் கடந்து துளை விழுந்துவிட்ட காம்பை அவசரப்பட்டுத் தைப்பதைவிட, பால் வற்றிய பிறகு தைப்பதே நல்லது.

மடியின் ஒரு பாதி நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்து, கறந்தால் நாற்றமடிக்கும் செந்நீர் வந்தால் அது அழுகல் மடிநோய். இதில் மடியைவிட உயிரே முதல் கவலை. ஆடு சில மணி நேரத்திலேயே சோர்ந்து விழக்கூடும். செம்மறிக்கும் இது வரும். மருந்தாலும் குளுக்கோஸாலும் ஆட்டைத் தேற்றிய பிறகு, அழுகிய நீர் வடியக் காம்பை வெட்டிவிடுவதா, அந்தப் பாதியையே அகற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். கருத்த பகுதி தானாக உதிரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை ஈ மொய்த்துப் புழு வைக்காதபடி நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒரு பாதி மடி நலமாக இருந்தாலே அடுத்த ஈற்றில் ஒரு குட்டியை அது வளர்த்துவிடும்.