மறுவாழ்வு இல்லங்கள் சறுக்கும் இடங்கள்

மத அமைப்புகள் நடத்தும் போதை மறுவாழ்வு இல்லங்களில், குடியை விட வந்தவரை "இன்றோடு நிறுத்திவிடு, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி ஓர் அறையில் படுக்க வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பல வருடம் தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு அடுத்த ஓரிரு நாட்களில் கடும் நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது என்று முற்றி உயிரே போகலாம். அதனால் மருத்துவர் முதலில். பிரார்த்தனை பக்கத்திலேயே நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

ஹெராயின் பழக்கத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. சில வாரம் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி சறுக்கியவரை "நம்பிக்கை போதவில்லை" என்று பெட்டியோடு வெளியே அனுப்பினால், அன்றிரவே பழைய அளவை எடுத்து மூச்சு நின்றுபோகக்கூடும். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எடுப்பவரை இன்னும் போதையில் இருப்பவராகப் பார்ப்பதும் இதே ரகம்தான். அவை ஹெராயின் போன்ற பழக்கத்துக்கு மருத்துவர் தரும் சிகிச்சை மருந்துகள்.

வழிபாட்டுக்கு வராதவருக்குச் சோறு குறைப்பது, போனைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம். குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்புகூட, மீள்வதற்கான தன் 12 படிகளில் 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் சொல்கிறது.

அப்புறம் வேலை. பலரும் பேசத் தயங்கும் இடம் இது. இல்லத்தின் கடையிலோ பட்டறையிலோ மாதக்கணக்கில் உழைக்க வைத்து, சோறும் படுக்கையும் தந்து, அதைச் 'சேவை' என்பார்கள். அமெரிக்காவில் அலமோ என்ற மத அமைப்பின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமைப்பின் வணிகங்களில் உழைத்தவர்கள் தாங்கள் தொண்டர்கள்தான் என்று சொன்னபோதும், சோறும் துணியும் தங்குமிடமும் கூலிக்கு ஈடாகவே தரப்பட்டன, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. என் கணக்கு எளிது: அவர் செய்வதை விற்றுக் காசு பார்த்தால், அவருக்குச் சம்பளம் உண்டு.

பயிற்சி என்ற பெயரில் ஒரு வருடம் பாத்திரம் கழுவ வைத்தால் வெளியே எந்த முதலாளி மதிப்பார்? வெல்டிங், தையல், மின்வேலை என எதுவானாலும் வெளியே செல்லுபடியாகும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லத்தில் இருக்கும்போதே தயாராகிவிட வேண்டும்.

வேலை கிடைத்ததும் கைகழுவிவிடாதீர்கள். முதல் சம்பள நாள் பலருக்குக் கண்டம். அன்று மாலை ஒரு போன் போடுங்கள், முடிந்தால் நேரிலேயே போய்ப் பாருங்கள்.